சாங்கு ஏரியில் அரை மணி நேரம்

கொல்கத்தாக்காரர்களின் சுற்றுலா ஆசைக்கு ‘தி-பு-தா’ என்று ஒரு கேலிப்பெயர் உண்டு. தீகா, புரி, தார்ஜிலிங். காசும் லீவும் கொஞ்சம் தாராளமாகக் கிடைத்தால் தார்ஜிலிங்குக்குப் பதில் காங்டாக். காங்டாக் வரை போய்விட்டுச் சாங்கு ஏரியைப் பார்க்காமல் திரும்பினால் பக்கத்து வீட்டார் மன்னிக்க மாட்டார்கள். துர்கா பூஜை விடுமுறை நெருங்கினால் சியால்தா நிலையத்திலிருந்து புறப்படும் தார்ஜிலிங் மெயிலில் படுக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. பெட்டிக்குள் ஸ்வெட்டர், காதை மூடும் மங்க்கி கேப், தின்பண்டம், ஜெலுசில். அக்டோபர் கொல்கத்தாவில் வியர்த்துக்கொண்டே மூட்டை கட்டுவார்கள்.

அரசு ஆவணங்களில் ‘சோம்கோ’ என்றும் வங்காளிகளின் வாயில் ‘சாங்கு’ என்றும் வழங்கும் இந்த ஏரி கிழக்கு சிக்கிமில், காங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குப் போகும் ஜவாஹர்லால் நேரு சாலையில், சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. எல்லைப்புறப் பகுதி என்பதால் இஷ்டத்துக்குப் போக முடியாது. முதல் நாளே பதிவு பெற்ற ஏஜென்சியிடம் போட்டோவும் அடையாள அட்டை நகலும் கொடுத்து பர்மிட் வாங்க வேண்டும். சிக்கிம் வண்டியில்தான் போக வேண்டும். காலையில் கிளம்பி, ஏரி பார்த்து, பாபா மந்திர் என்ற கோயிலுக்கோ நாதுலாவுக்கோ போய், மாலைக்குள் இறங்கிவிடுவது வழக்கம்.

திரும்பி வந்தவர்களிடம் கேட்டால் ஒரு குறை தவறாமல் வரும். “அவ்வளவு தூரம் போய் ஏரிக்கரையில் அரை மணி நேரம்தான் விட்டான். யாக் மேல் ஏறி ஒரு போட்டோ எடுப்பதற்குள் ஹார்ன் அடித்துவிட்டான்.” டிரைவருக்கு அவர் காரணங்கள் உண்டு. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கும், எதிரே ராணுவ லாரிகள் வரிசையாக வரும், சோதனைச்சாவடிக்கு நேரக் கணக்கு இருக்கிறது. ஆனால் இந்தப் பயணத்தில் ஏஜென்சி தெரியாமலேயே செய்துகொடுக்கும் மிகப் பெரிய உபகாரம் அந்த அவசரம்தான் என்பது என் கட்சி. ஏன் என்று பார்க்க, உடம்புக்குள் என்ன நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

கொல்கத்தா கடல் மட்டத்திலிருந்து 9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காங்டாக் 1,650 மீட்டர். சாங்கு 3,753 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சியைவிட 1,100 மீட்டருக்கு மேல். நாதுலா 4,310 மீட்டர். ரயிலில் ஓர் இரவு, மலைப்பாதையில் ஐந்து மணி நேரம், காங்டாக்கில் ஒரு தூக்கம், மறுநாள் காலை இரண்டு இரண்டரை மணி நேர ஜீப். கங்கைச் சமவெளியின் தரைமட்டத்தில் வாழ்ந்த உடம்பு அவ்வளவுக்குள் அங்கே நிற்கிறது.

மேலே ஆக்சிஜன் குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். விகிதம் குறைவதில்லை. கொல்கத்தாவின் தர்மதலாவிலும் நாதுலாவிலும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். குறைவது அழுத்தம். இலவம்பஞ்சு மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடி மெத்தை நசுங்கிக் கெட்டியாக இருக்கும், மேல் மெத்தை புசுபுசுவென்று இருக்கும். காற்று மண்டலமும் அப்படித்தான் அடுக்கியிருக்கிறது. கொல்கத்தாவில் பாரமானியில் பாதரசம் 760 மில்லிமீட்டர் அளவுக்கு நிற்கும். சாங்குவில் ஏறத்தாழ 480. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போகப் போக உப்பிப் பந்துபோல் ஆவதை ஜீப்பின் பின்சீட்டுப் பிள்ளைகள் முதலில் கண்டுபிடித்துவிடுவார்கள். கீழ்க்காற்றை உள்ளே அடைத்து வைத்திருக்கும் பாக்கெட் அது.

நுரையீரலுக்குக் கிடைப்பது அந்த 480-ம் முழுதாக அல்ல. மூக்கு வழியே போகும் காற்று உடல் சூட்டில் ஈரமாகிறது. 37 டிகிரியில் நீராவி எடுத்துக்கொள்ளும் பங்கு 47 மில்லிமீட்டர். எந்த உயரத்திலும் இது மாறாது. மீதியில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்று கணக்குப் போட்டால் கொல்கத்தாவில் சுமார் 150, சாங்குவில் சுமார் 90. ஒவ்வொரு மூச்சிலும் வரவு நாற்பது விழுக்காடு குறைந்துவிட்டது.

வரவு இவ்வளவு குறைந்தும் முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்களே, எப்படி? ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் குணம் அது. நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தாலும் ஓர் எல்லை வரை அது விடாமல் பிடித்துக்கொள்கிறது. வரவு நாற்பது விழுக்காடு குறைந்த இடத்தில் ரத்தத்தின் நிறைவு 97-லிருந்து 85, 90 என்ற அளவுக்குத்தான் இறங்குகிறது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 88 காட்டினால் ஆம்புலன்ஸுக்கு ஓடினோம். அதே எண்ணோடு சாங்கு கரையில் மாமாக்கள் மோமோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நோயுற்ற நுரையீரலில் அந்த எண் வேறு கதை சொல்கிறது, மெல்லிய காற்றில் வேறு கதை சொல்கிறது.

ஆனால் அந்த எல்லைக்குப் பிறகு, அழுத்தம் குறையக் குறைய நிறைவு இறங்குவதைக் காட்டும் வளைகோடு சரசரவென்று சரியும். நாதுலாவில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து எல்லைக் கதவுக்குப் படியேற வேண்டும். கீழே நிற்கும்போது சரியாக இருந்தவர் இருபது படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பார். உழைக்கும்போது ரத்தம் நுரையீரலின் நுண்குழாய்களை வேகமாகக் கடந்து போகிறது. மெல்லிய காற்றிலிருந்து ஆக்சிஜனை முழுதாக ஏற்றிக்கொள்ள அதற்கு நேரம் போதவில்லை. சமவெளியில் இந்தப் பிரச்சினை வராது. அங்கே அழுத்தம் தாராளம். அவசரமாகப் போகிற ரத்தமும் நிறைந்தே போகும். அதனால் நாதுலா படிகளில் இரண்டு படிக்கு ஒருமுறை நின்று ஏறுகிற பாட்டி, வேகமாக ஓடி ஏறும் கல்லூரிப் பையனைவிடக் கெட்டிக்காரி. இளமையும் உடற்பயிற்சியும் உயர நோயிலிருந்து காப்பதில்லை. ஜிம் போகிறவர்கள் இதை நம்ப மறுப்பார்கள்.

குறைவைக் கண்டுபிடிக்கும் காவல்காரன் கழுத்தில் இருக்கிறான். தலைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில், இருபுறமும் அரிசி மணி அளவில் கரோடிட் உறுப்பு என்று ஒன்று. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் அது மூளைக்குத் தகவல் தர, மூச்சு வேகமாகிறது. இங்கேதான் ஒரு சிக்கல். வேகமாக மூச்சுவிட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறும்; ரத்தம் காரத்தன்மைக்குச் சாயும்; சாய்ந்ததும் மூளையின் வேறொரு பகுதி ‘மூச்சு போதும்’ என்று பிரேக் போடும். ஒரு கால் ஆக்சிலரேட்டரில், ஒரு கால் பிரேக்கில். இந்தப் பிரேக்கை விடுவிப்பது சிறுநீரகத்தின் வேலை: பைகார்பனேட்டை வெளியேற்றி ரத்தத்தைச் சமன் செய்யும். அதற்கு நாள் கணக்கில் ஆகும். மலையேறிகள் போடும் டயமாக்ஸ் மாத்திரை அந்த வேலையைத்தான் முடுக்கிவிடுகிறது. மருத்துவரைக் கேட்காமல் வாங்கிப் போடுகிற சமாசாரம் அல்ல. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.

புதிய சிவப்பணுக்கள் இன்னும் மெதுவாக வரும். உயரத்தில் சில மணி நேரத்திலேயே சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கத் தொடங்குகிறது. எலும்பு மஜ்ஜை அதைக் கேட்டு அணுக்களைத் தயாரித்து ரத்தத்தில் கணிசமாக உயர்த்துவதற்கு வாரங்கள் வேண்டும். பகல் பயணிக்கு அந்த உத்தரவு போட்டதோடு சரி. சரக்கு வருவதற்குள் அவர் கொல்கத்தாவின் கரியாஹாட் சந்தையில் மீன் பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

ஆக, ஒரே பகலில் பழகிக்கொள்வது என்பது நடக்காத காரியம். ஆனால் உயர நோயும் உடனே வருவதில்லை. உச்சந்தலையைப் பிளக்கும் தலைவலி, குமட்டல், களைப்பு, தூக்கமின்மை என்று வரும் கடும் உயர நோய், பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் ஏறி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். காங்டாக்கில் எட்டு மணிக்குக் கிளம்பியவர் 2,500 மீட்டரைக் கடப்பது ஒன்பதைத் தாண்டி. மூன்று நான்கு மணிக்குள் மறுபடி அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடுகிறார். நோய் கதவைத் தட்டும்போது ஆள் வீட்டில் இல்லை. ஏரிக்கரையில் வரும் லேசான கிறுகிறுப்பும் படபடப்பும் அந்த நேரத்து ஆக்சிஜன் குறைவு, இறங்கினால் போய்விடும். ஜீப்பில் வாந்தி எடுப்பவர்களில் பலருக்கோ உயரத்தோடு சம்பந்தமே இல்லை. கொண்டை ஊசி வளைவுகளும் பின்சீட்டும் காலையில் சாப்பிட்ட பூரியும் செய்யும் வேலை.

அவசரமாக ஏறி, இறங்காமல் மேலேயே தங்கினால் என்ன ஆகும் என்ற எதிர்ப்பக்கக் கணக்கையும் இந்தியாவே எழுதியிருக்கிறது. 1962 சீனப் போரில் சமவெளியிலிருந்து படைகள் அவசர அவசரமாக மேலே கொண்டுபோகப்பட்டன. அங்கேயே தங்கியும் ஆக வேண்டியிருந்தது. ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் சகாக்களும் 11,000 முதல் 18,000 அடி வரையிலான உயரங்களில் உயர நோய் கண்ட 1,925 வீரர்களை ஆராய்ந்து, 1969-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்டார்கள். உயர நோய் பற்றி உலகில் எழுதும் எவரும் தாண்டிப் போக முடியாத கட்டுரை அது. தேர்ந்தெடுக்கப்பட்ட, திடகாத்திரமான ஆண்கள். அவர்களில்தான் இத்தனை பேர்.

இரவு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், தூங்கும்போது மூச்சு இயல்பாகவே தணிகிறது. விழித்திருக்கும்போது 88 இருந்த நிறைவு இன்னும் இறங்குகிறது. ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் மாறி மாறி இழுக்க, சில நொடி மூச்சே நிற்பதும் பிறகு அள்ளி அள்ளி வாங்குவதுமாக இரவு போகும். பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்துவிடுவார். மலையேறிகள் பகலில் உயரப் போய் இரவில் தாழ வந்து படுக்கிறார்கள். சாங்கு ஏஜென்சியின் கால அட்டவணையும், யாரும் திட்டமிடாமலே, இதே வடிவில் அமைந்திருக்கிறது.

மோட்டார் சாலை வருமுன் இங்கே பகல் பயணம் என்பதே கிடையாது. காங்டாக்கிலிருந்து திபெத்துக்குக் கோவேறு கழுதைகளோடு போனவர்கள் முதல் இரவு கார்பொனாங் தங்கல் பங்களா, அடுத்த இரவு சாங்கு பங்களா என்று படிப்படியாகப் போனார்கள். 1958 செப்டம்பரில் நேரு, 68 வயதில், நாதுலாவைக் கடந்து சும்பி பள்ளத்தாக்கு வழியாக பூட்டானுக்குப் போனதும் இந்தப் பாதையில்தான். நடைவேகத்தில் போனவனுக்குப் பழக நேரம் கிடைத்தது, தலைவலிக்கும் கிடைத்தது. ஜீப் இரண்டையும் பறித்துவிட்டது.

ஏரிக்கரையில் ஒரு டீக்கடையின் ஸ்டவ் முன்னால் நின்று பாருங்கள். பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். ஆனால் அந்த டீ சமவெளி டீயைவிடச் சூடு சற்றுக் குறைவு; அதற்காக உடனே வாயில் வைத்தால் நாக்கு பொத்துப்போகும். 480 மில்லிமீட்டர் அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பது 88 டிகிரிக்குச் சற்றே கீழே. எவ்வளவு நேரம் எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. டீத்தூள் முழுச் சாரத்தையும் விடாது, மேகி வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும், பருப்பு குக்கர் இல்லாமல் லேசில் வேகாது.

இந்தக் கொதிநிலையை வைத்தே மலையை அளந்தவர் ஜோசஃப் டால்டன் ஹூக்கர். 1848-இல் தார்ஜிலிங் வந்து இரண்டு ஆண்டுகள் சிக்கிமைச் சுற்றிய இந்தத் தாவரவியலாளர், பாரமானியோடு கொதிநிலைத் தெர்மாமீட்டரையும் சுமந்து திரிந்தார். முந்நூறு மீட்டர் ஏறினால் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறையும். ஆனால் மேலே எடுத்த அளவு மட்டும் போதாது. வானிலை மாறினால் அழுத்தமும் மாறும். அதே நேரத்தில் கீழே ஒரு நிலையான இடத்தில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் உயரம் வரும். ஹூக்கருக்கு அந்தக் கீழ் இடம் கொல்கத்தா. அங்குள்ள பாரமானிப் பதிவுகளோடு ஒப்பிட்டுத்தான் அவர் சிக்கிமின் உயரங்களைக் கணக்கிட்டார். 1849 நவம்பரில் நாதுலாவின் பக்கத்துக் கணவாயான சோ லாவை ஒட்டி, அவரும் தார்ஜிலிங் அதிகாரி கேம்பெலும் சிக்கிம் ஆட்களிடம் பிடிபட்டு, டிசம்பரில்தான் விடுதலையானார்கள். பர்மிட் சிக்கல் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல.

வங்காளப் பயணிகளின் கைப்பையில் கற்பூரப் பொட்டலம் இருக்கும். துணியில் முடிந்து முகர்ந்தால் மூச்சுத் திணறாது என்பது நம்பிக்கை, டிரைவர்களும் ஆமோதிப்பார்கள். முகர்ந்ததும் மூக்கு திறந்ததுபோல் இருப்பது நிஜம். மூக்கின் உள்தோலிலுள்ள குளிர்ச்சி உணரும் நரம்புகள் தூண்டப்படுவதால் காற்று தாராளமாக வருவதாக மூளை எண்ணிக்கொள்கிறது. உள்ளே போகும் காற்றின் அளவு மாறுவதில்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு புள்ளிகூட ஏறுவதில்லை. பதற்றம் தணிந்தால் அதுவும் லாபம்தான் என்று விட்டுவிடலாம். குழந்தைகள் கையில் மட்டும் கொடுக்கக் கூடாது. விழுங்கினால் வலிப்பு வரலாம். கையடக்க ஆக்சிஜன் டப்பாவும் விற்கிறார்கள். ஓய்வாக இருக்கும் ஆள் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று இழுக்கிறார். சில லிட்டர் அடைத்த டப்பா எத்தனை நிமிடம் வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

கொம்பில் கம்பளி உறை மாட்டி நிற்கும் யாக்குக்கு இதெல்லாம் பொருட்டே அல்ல. ஆக்சிஜன் குறைந்தால் நம் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். சிலருக்கு அது அளவுமீறி, அழுத்தம் எகிறி, நுரையீரலுக்குள் நீர் கசியும். உயர நோயின் உயிர்க்கொல்லி வடிவங்களில் அது ஒன்று. யாக்கின் குழாய்கள் மெல்லிய சுவர் கொண்டவை, பெரிதாகச் சுருங்குவதே இல்லை. அதன் கயிற்றைப் பிடித்திருப்பவர் திபெத்திய வழிவந்தவரானால் அவருக்கும் ஒரு தனிச்சொத்து இருக்க வாய்ப்பு உண்டு. உயரத்தில் ரத்தம் கெட்டியாகிவிடாமல் காக்கும் ஈபாஸ்1 மரபணு வடிவம் திபெத்தியரிடம் பரவலாக இருப்பதை 2010-இல் கண்டார்கள்; அது அழிந்துபோன டெனிசோவன் மனிதர்களிடமிருந்து வந்தது என்று 2014-இல் தெரிந்தது. யாக் சவாரிக்குப் பேரம் பேசுகையில் எதிராளிக்கு மூச்சு வாங்காது, நமக்கு வாங்கும்.

ஏரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளம், முட்டை வடிவம், சராசரி ஆழம் சுமார் 15 மீட்டர். பனியாறு செதுக்கிய மலைக்குழியில் உருகிய நீர் தேங்கியது. குளிர்காலத்தில் மேலே உறைந்து கிடக்கும், அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி. அதற்கும் கீழே குளிர்ந்த நீர் லேசாகி மேலே வந்து அங்கேயே உறைகிறது. மேலே விழும் பனி கம்பளியாக மூடிக்கொள்கிறது. முன்பு லாமாக்கள் ஏரியின் நிறத்தைப் பார்த்துக் குறி சொன்னார்களாம். நிறம் மாறுவது கண்கூடு. வெயில் நாளில் ஆழ்நீர் சிவப்பை விழுங்கி நீலம் காட்டும். மேகம் மூடினால் ஈயச் சாம்பல். உருகும் காலத்தில் வண்டல் கலந்து பச்சை சேரும். பனிக்கோடு எந்த மாதம் எங்கே நிற்கிறது, மழை எப்படி என்று நிறத்தில் செய்தி இருக்கத்தான் செய்கிறது.

இந்தப் பயணத்தின் பாதுகாப்பு நேரத்தில் இருக்கிறது என்றால், நேரம் குலையும் நாள்தான் ஆபத்து. 2018 டிசம்பர் 28 அன்று கடும் பனிப்பொழிவில் நாதுலாவிலிருந்து திரும்பிய வண்டிகள் மாட்டிக்கொள்ள, 2,500-க்கும் மேற்பட்ட பயணிகளை ராணுவம் மீட்டுத் தன் முகாம்களில் இரவு தங்கவைத்தது. 2023 ஏப்ரல் 4 அன்று அதே சாலையின் 15-ஆம் மைலில் பனிச்சரிவில் ஏழு பயணிகள் இறந்தார்கள். அன்று 13-ஆம் மைல் வரைதான் அனுமதி. வானம் கறுக்கும்போது “தாதா (அண்ணா), இன்னும் பத்தே நிமிஷம்” என்று டிரைவரிடம் கெஞ்சுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சாங்கு சரியாக முடிந்த தெம்பில் பலர் அடுத்த முறை வட சிக்கிமின் குருடோங்மார் ஏரிக்கு பேக்கேஜ் எடுக்கிறார்கள். பெயரளவில் இதுவும் ஏரி பார்த்துத் திரும்பும் பயணம். கணக்கு வேறு. குருடோங்மார் 17,000 அடிக்கு மேல். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. முந்தின நாள் காங்டாக்கிலிருந்து லாச்சன் வந்து, சுமார் 2,750 மீட்டரில் ஓர் இரவு, பொழுது விடியுமுன் கிளம்பி ஒரே மூச்சில் இன்னும் 2,400 மீட்டருக்கு மேல் ஏற்றம். லாச்சனில் வந்த தலைவலியோடு, ‘காசு கட்டியாச்சே’ என்று வண்டி ஏறுபவர்கள் உண்டு. அங்கே டிரைவர்கள் அரை மணிகூட நிற்க விடுவதில்லை. இதய நோய், கடும் ரத்தசோகை, நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாங்குவுக்கே மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். குருடோங்மாரை விட்டுவிடுவது நல்லது. மற்றவர்கள் ஏஜென்சியிடம் லாச்சனில் இரண்டு இரவு கேட்கலாம். கூடுதல் பணம் ஆகும். முதல் இரவே தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் மறுநாள் மேலே போகவே கூடாது. மாத்திரையைவிட வேகமாக வேலை செய்வது ஐந்நூறு, ஆயிரம் மீட்டர் இறங்குவதுதான். அதற்கு வண்டி எப்போதும் வாசலில் நிற்கிறதா என்று பேக்கேஜ் பேசும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.